கவுன்சிலிங்குக்கு முன் கல்லூரிகளை நேரில் பார்க்கப் போகிறோம்: எதைப் பார்ப்பது, யாரிடம் கேட்பது?

அருப்புக்கோட்டை_அப்பா

வணக்கம். மகளுக்குப் பிளஸ் டூ முடிவு வந்து டி.என்.இ.ஏ. (தமிழ்நாடு பொறியியல் சேர்க்கை) பதிவும் முடித்தாயிற்று. கட் ஆஃப் 200க்கு 178.5, பி.சி. பிரிவு. ஈ.சி.இ. (எலக்ட்ரானிக்ஸ்) அல்லது ஈ.இ.இ. (எலக்ட்ரிக்கல்) படிக்க ஆசைப்படுகிறாள், கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைத்தாலும் வேண்டாம் என்று சொல்லமாட்டாள். மதுரை, விருதுநகர், திண்டுக்கல், கோவை என்று பதினைந்து கல்லூரிப் பெயர்களை எழுதி வைத்திருக்கிறோம். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி இவள்தான் ஆகப்போகிறாள், அதனால் விசாரிக்கவும் வீட்டில் ஆள் இல்லை.

போன வாரம் ஒரு கல்லூரிக்குப் போனோம். நல்ல மரியாதை. ஏசி அறையில் உட்காரவைத்து காபி கொடுத்து, பெரிய திரையில் வீடியோ போட்டுக் காட்டினார்கள். வகுப்பறையையும் லேபையும் பார்க்கலாமா என்று கேட்டால், விடுமுறை, பூட்டியிருக்கிறது, அட்மிஷன் போட்டுவிட்டுச் சொல்லுங்கள் பார்க்கலாம் என்றார்கள். இப்படிப் போய் வந்தால் என்ன தெரிந்துகொள்ள முடியும்? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

ஈசிஇ_ஃபைனல்இயர்

அங்கிள், மே மாதத்தில் போனால் கட்டடம் மட்டும்தான் தெரியும். செமஸ்டர் தேர்வு முடிந்து எல்லோரும் ஊருக்குப் போயிருப்போம், மீதி இருப்பது அட்மிஷன் ஆபீஸ் ஆட்கள்தான். உங்களுக்கு இன்னும் காலம் இருக்கிறது. கவுன்சிலிங் மதிப்பெண் வரிசைப்படி சுற்றுகளாக நடக்கும். 178.5க்கு முதல் சுற்றில் வந்தாலும் கடைசியில்தான் வரும், பெரும்பாலும் இரண்டாம் சுற்றுதான். ஜூலையில் சீனியர்களுக்கு வகுப்பு தொடங்கிவிடும். அப்போது ஒரு வேலை நாளில், முன்கூட்டியே போன் பண்ணாமல் போங்கள். போன் பண்ணினால் உங்களுக்கென்று ஒருவரை நியமித்து அவர் கூடவே வருவார், அவர் காட்டுவதைத்தான் பார்க்க முடியும்.

போனதும் நேராக அட்மிஷன் ஆபீஸுக்குப் போகவேண்டாம். கேட்டுக்கு எதிரே டீக்கடையோ ஜெராக்ஸ் கடையோ கண்டிப்பாக இருக்கும், சாயங்காலம் நாலு மணிக்கு மேல் அங்கே நில்லுங்கள். மூன்றாம் வருடப் பிள்ளைகளாகப் பார்த்துக் கேளுங்கள். முதல் வருடத்துக்கு இன்னும் எதுவும் தெரியாது, ஃபைனல் இயர் வேலை கவலையில் இருப்போம். "காலேஜ் எப்படி" என்று கேட்டால் "நல்லா இருக்கு அங்கிள்" என்றுதான் பதில் வரும். போன செமஸ்டரில் சர்க்யூட்ஸ் பாடம் யார் எடுத்தார், பாதியில் ஆள் மாறினாரா, லேபில் ஒரு டேபிளுக்கு எத்தனை பேர் நிற்கிறீர்கள், வகுப்பில் எத்தனை பேருக்கு அரியர் இருக்கிறது என்று கேளுங்கள். இந்தக் கேள்விகளுக்கு யாரும் மழுப்ப முடியாது. அப்புறம், மகளையே கேட்க விடுங்கள். நீங்கள் பத்தடி தள்ளி நின்றால் அக்காமார் மனம்விட்டுப் பேசுவார்கள்.

கட்ஆஃப்_கணக்கு

ஒரு மாற்றுக் கருத்து. பதினைந்து கல்லூரிக்கும் அலைவது வீண் செலவு. போன வருடம் எந்தக் கல்லூரியில் எந்தக் கிளையில் எந்தப் பிரிவுக்கு எந்த மதிப்பெண்ணில் இடம் முடிந்தது என்ற கணக்கு எல்லாருக்கும் கிடைக்கிறது. அண்ணா பல்கலைக்கழகம் தன் இணைப்புக் கல்லூரிகளின் தேர்ச்சி விகிதத்தை செமஸ்டர் வாரியாக வெளியிடுகிறது. கிளைக்கு என்.பி.ஏ. (தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் இருக்கிறதா என்பதையும் வீட்டில் உட்கார்ந்தே பார்த்துவிடலாம். ஆயிரக்கணக்கான மாணவர்கள் விசாரித்து முடிவெடுத்ததன் விளைவுதான் அந்த கட் ஆஃப். நீங்கள் ஒரு நாள் போய் நான்கு பேரிடம் கேட்பதைவிட அது நம்பகமானது.

ஈசிஇ_ஃபைனல்இயர்

@கட்ஆஃப்_கணக்கு அண்ணா, அந்த ஆயிரக்கணக்கானவர்களும் முந்தின வருட கட் ஆஃப்பைப் பார்த்துத்தானே போட்டார்கள்? பேர் இருக்கும் இடத்துக்குக் கூட்டம் போகிறது, கூட்டம் போவதால் பேர் நிற்கிறது. இடையில் துறையில் நல்ல ஆசிரியர்கள் நாலு பேர் வேலையை விட்டுப் போனால் கட் ஆஃப்புக்கு அது தெரிய இரண்டு மூன்று வருடம் ஆகும். தேர்ச்சி விகிதத்திலும் ஒன்று இருக்கிறது. தன்னாட்சிக் கல்லூரிகள் வினாத்தாளைத் தாங்களே தயாரித்துத் தாங்களே திருத்துகின்றன. அவற்றின் விகிதத்தையும் சாதாரண இணைப்புக் கல்லூரியின் விகிதத்தையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட முடியாது.

கட்ஆஃப்_கணக்கு

தன்னாட்சி விஷயம் சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் என் முறை இதுதான்: கணக்கை வைத்துப் பதினைந்தை ஐந்தாகக் குறையுங்கள், அந்த ஐந்தை மட்டும் நேரில் பாருங்கள். 178.5க்குக் கிடைக்கவே வாய்ப்பில்லாத இடங்களைச் சுற்றிப் பார்ப்பதில் பயனில்லை.

துறை_ஆசிரியர்

தனியார் பொறியியல் கல்லூரி ஒன்றில் உதவிப் பேராசிரியராக இருக்கிறேன், அதனால் பெயரில்லாமல்தான் எழுத முடியும்.

பெற்றோர்கள் முகப்புக் கட்டடத்தையும் நூலகத்தையும் ஆடிட்டோரியத்தையும் பார்த்துவிட்டுப் போகிறார்கள். உங்கள் பிள்ளை நான்கு வருடம் இருக்கப்போவது ஏதோ ஒரு பிளாக்கின் இரண்டாம் மாடியில், ஒரு துறையில். அந்தத் துறைக்குப் போங்கள். வகுப்பறைக் கதவிலோ அறிவிப்புப் பலகையிலோ கால அட்டவணை ஒட்டியிருப்பார்கள், அடியில் ஒவ்வொரு பாடத்துக்கும் ஆசிரியர் பெயர் இருக்கும். அதைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கல்லூரி தன் இணையதளத்தில் ஏ.ஐ.சி.டி.இ. (அகில இந்திய தொழில்நுட்பக் கல்விக் குழு) விதிப்படி கட்டாயமாக வெளியிடும் தகவல்களில் ஆசிரியர் பட்டியலும் இருக்கும். இரண்டையும் ஒப்பிடுங்கள். பட்டியலில் இருபது பேர், அட்டவணையில் திரும்பத் திரும்ப ஏழு பெயர் என்றால் மீதிப் பேர் எங்கே என்று துறைத் தலைவரிடமே (ஹெச்.ஓ.டி.) கேட்கலாம். ஏ.ஐ.சி.டி.இ. கணக்கு 20 மாணவருக்கு ஓர் ஆசிரியர். 60 இடம் உள்ள கிளையில் நான்கு வருடத்துக்கும் சேர்த்து 240 பேர், ஆக 12 ஆசிரியர் இருக்கவேண்டும்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், 2024 ஜூலையில் ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் வெளியிட்ட விவரம் நினைவிருக்கும். ஒரே ஆசிரியர் ஒரே நேரத்தில் பல கல்லூரிகளில் முழுநேரப் பணியில் இருப்பதாகக் கணக்குக் காட்டி இணைப்பு அங்கீகாரம் வாங்கியிருந்தார்கள். இருநூறுக்கும் மேற்பட்ட கல்லூரிகள் அதில் இருந்தன. காகிதத்தில் இருக்கும் ஆசிரியர் வகுப்பில் இருக்கிறாரா என்பதை எந்த இணையதளமும் சொல்லாது, அந்தத் துறையில் படிக்கும் பிள்ளைகள்தான் சொல்வார்கள்.

இன்னொன்று. 2024-25 முதல் ஒரு கிளைக்கு இத்தனை இடம்தான் என்ற உச்சவரம்பை ஏ.ஐ.சி.டி.இ. எடுத்துவிட்டது. கம்ப்யூட்டர் சயின்ஸில் ஏ, பி, சி என்று செக்‌ஷன்கள் ஏறிக்கொண்டே போகும் கல்லூரிகள் இருக்கின்றன. இந்த வருடம் எத்தனை செக்‌ஷன், போன வருடம் எத்தனை, புது செக்‌ஷனுக்கு வகுப்பறை எது என்று கேட்டு, அந்த அறையைக் காட்டச் சொல்லுங்கள்.

லேப்_டெக்னீஷியன்

சார் சொன்னதோடு லேபைப் பற்றியும் சேர்த்துக்கொள்ளுங்கள். பூட்டிய லேபை உங்களுக்காகத் திறந்து காட்டினால் எல்லாம் பளபளவென்றுதான் இருக்கும். லேப் நடக்கும் நேரத்தில் வாசலில் நின்று பாருங்கள். ஈ.இ.இ. என்றால் மெஷின்ஸ் லேபில் மோட்டார் ஓடும் சத்தம் கேட்க வேண்டும். ஈ.சி.இ. என்றால் சி.ஆர்.ஓ. (மின்னலைகளைக் காட்டும் கருவி) திரையில் அலை தெரிகிறதா, ப்ரோப் வயர்கள் கையாண்டு பழசாகியிருக்கின்றனவா என்று பாருங்கள். கவர் பிரிக்காத கருவி அழகாக இருந்து என்ன பயன். ஒரு டேபிளுக்கு மூன்று நான்கு பேர் என்றால் கை படும். எட்டுப் பேர் சுற்றி நின்றால் இரண்டு பேர் செய்வார்கள், ஆறு பேர் ரீடிங்கைப் பார்த்து எழுதுவார்கள்.

காரைக்குடி_பழைய_மாணவன்

ஐயா, உங்கள் பட்டியலில் காரைக்குடி அழகப்பச் செட்டியார் அரசு பொறியியல் கல்லூரி இருக்கிறதா? 1952இல் தொடங்கிய கல்லூரி, அருப்புக்கோட்டையிலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்பிவிடலாம். நேரில் பார்க்கும்போது அரசுக் கல்லூரிகள் ஒரு விஷயத்தில் அடிபட்டுப் போகின்றன: பெயிண்ட் பழசு, வரவேற்க ஆள் கிடையாது, விசாரித்தால் கிளார்க் "உள்ளே போய்ப் பாருங்க" என்பதோடு முடித்துக்கொள்வார். அதைப் பார்த்துவிட்டு முகம் சுளித்துத் திரும்பும் குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன், மனசு கஷ்டமாக இருக்கும். கட்டணம் எத்தனையோ மடங்கு குறைவு. கௌரவ விரிவுரையாளர்கள் எத்தனை பேர், நிரந்தர ஆசிரியர்கள் எத்தனை பேர் என்று அங்கேயும் கேட்டுக்கொள்ளுங்கள். மெஸ் டிவைடிங் சிஸ்டமா (மாதச் செலவைப் பிள்ளைகள் பங்கிட்டுக் கட்டுவதா) என்றும், போன மாதம் எவ்வளவு வந்தது என்றும் ஹாஸ்டல் பிள்ளைகளிடம் கேளுங்கள்.

முடிந்தால் திருப்பரங்குன்றத்தில் தியாகராசர் கல்லூரிக்குள்ளும் கேட்டில் அனுமதி வாங்கி ஒரு முறை போய் வாருங்கள். உங்கள் கட் ஆஃப்புக்கு அங்கே ஈ.சி.இ. கிடைக்காமல் போகலாம். ஆனால் நன்றாக நடக்கும் ஒரு லேப் எப்படி இருக்கும் என்று பாப்பா கண்ணால் பார்த்துவிட்டால், மற்ற இடங்களில் காட்டுவதை எதோடு ஒப்பிடுவது என்று அவளுக்கே தெரிந்துவிடும். இந்த ஒரு விஷயத்தில் கட்ஆஃப்_கணக்கு தம்பி சொல்வதை நான் ஏற்கவில்லை.

ஹாஸ்டல்_பொண்ணு

யாருமே ஹாஸ்டல் பாத்ரூமைப் பற்றிச் சொல்லவில்லையே! அப்பாக்களை உள்ளே விடமாட்டார்கள், அதனால் அம்மாவைக் கண்டிப்பாகக் கூட்டிப் போங்கள். மாதிரி அறை என்று தரைத்தளத்தில் ஒன்று வைத்திருப்பார்கள். அதைப் பார்த்துவிட்டு, முதல் வருடப் பிள்ளைகளுக்கு எந்தத் தளம், அங்கே போகலாமா என்று கேளுங்கள். ஒரு தளத்துக்கு எத்தனை கழிப்பறை, குழாயில் தண்ணீர் எப்போதெல்லாம் வரும், ஏப்ரல் மாதத்தில் லாரித் தண்ணீரா, நாப்கின் போட வழி இருக்கிறதா. இதெல்லாம் கேட்கக் கூச்சப்படும் விஷயமே இல்லை. நான்கு வருடம் தினமும் காலையில் இதோடுதான் எழுந்திருக்கிறோம்.

அடுத்தது நேரம். நூலகம் இரவு எட்டு வரை என்று போர்டு இருக்கும். பெண்கள் ஹாஸ்டலில் ஆறரைக்கு உள்ளே வந்துவிட வேண்டும் என்று இருந்தால் அந்த நூலகம் யாருக்கு? லேபில் ப்ராஜெக்ட் வேலை, சிம்போசியம், போட்டிக்கு வெளியூர் போக ஓ.டி. (வகுப்புக்கு வராவிட்டாலும் வருகைப்பதிவு தரும் அனுமதி), எல்லாவற்றிலும் பெண்களுக்கு ஒரு விதி, பையன்களுக்கு ஒரு விதியா என்று கேளுங்கள். இதைப் பாதுகாப்பு என்று சொல்லி முடித்துவிடுவார்கள், பெற்றோர்களும் தலையாட்டிவிட்டு வந்துவிடுகிறார்கள். பாலியல் புகாருக்கான உள் குழுவின் உறுப்பினர் பெயரும் போன் எண்ணும் பலகையில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள், அது சட்டப்படி இருக்க வேண்டியது. உடம்பு சரியில்லை என்றால் ராத்திரி பதினோரு மணிக்கு ஆஸ்பத்திரிக்கு யார் கூட்டிப் போவார்கள் என்று வார்டனிடம் கேளுங்கள், பதில் உடனே வருகிறதா யோசித்து வருகிறதா என்பதே போதும்.

ஊன்றுகோல்

நான் இரண்டு பக்கமும் ஊன்றுகோல் வைத்து நடப்பவன். எங்களைப் போன்றவர்கள் நேரில் பார்க்காமல் ஒரு கல்லூரியையும் கவுன்சிலிங் சாய்ஸில் (விருப்பப் பட்டியலில்) போடக்கூடாது. லிஃப்ட் இருக்கும், ஆனால் ஸ்டாஃப் மட்டும் என்று எழுதியிருக்கும். சாய்வுதளம் முன்வாசலில் இருக்கும், துறைக் கட்டடத்தில் இருக்காது. கேட்டிலிருந்து வகுப்பு வரை நடந்து பாருங்கள், பிறகு வகுப்பிலிருந்து கழிப்பறை வரை. என் கல்லூரியில் ஹெச்.ஓ.டி.யிடம் கேட்டதும் எங்கள் வகுப்பைத் தரைத்தளத்துக்கு மாற்றிக்கொடுத்தார்கள். சேருவதற்கு முன்பே கேட்டு, முடியும் என்றால் எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது.

ப்ளேஸ்மெண்ட்_விசாரணை

பைபாஸ் ரோட்டில் நிற்கும் போர்டில் "98% ப்ளேஸ்மெண்ட்" என்று இருந்தால், எந்த எண்ணிக்கையில் 98 என்று கேளுங்கள். பெரும்பாலும் அரியர் இல்லாமல், 60 சதவீதத்துக்கு மேல் வைத்து, வேலை வேண்டும் என்று பதிவு செய்தவர்களை மட்டும் வைத்துப் போடும் கணக்கு அது. மொத்த வகுப்பில் எத்தனை பேர் என்பது வேறு. ஒரே பையனுக்கு மூன்று ஆஃபர் வந்தால் சில இடங்களில் மூன்றாக எண்ணுவார்கள். அதிகபட்ச சம்பளம் எவ்வளவு என்று கேட்காதீர்கள். உங்கள் துறையில் போன வருடம் எத்தனை பேர் முடித்தார்கள், எத்தனை பேர் வேலையில் சேர்ந்தார்கள், நடுவில் இருப்பவருக்கு எவ்வளவு சம்பளம் என்று மட்டும் கேளுங்கள். ஈ.இ.இ. என்றால் கோர் கம்பெனி (அந்தத் துறை சார்ந்த கம்பெனி) எத்தனை பேரை எடுத்தது என்று தனியாகக் கேட்கவேண்டும், இல்லாவிட்டால் சாஃப்ட்வேர் வேலையைச் சேர்த்துச் சொல்லிவிடுவார்கள்.

அருப்புக்கோட்டை_அப்பா

எல்லாருக்கும் நன்றி. இரண்டு மாதம் கழித்து எழுதுகிறேன். நீங்கள் சொன்னபடி பட்டியலைக் குறைத்து, வகுப்பு தொடங்கிய பிறகு போய் வந்தோம். மகளே ஒரு நோட்டில் கேள்விகளை எழுதிக்கொண்டு வந்தாள்.

இரண்டு கல்லூரிகளுக்கு நடுவில்தான் இப்போது குழப்பம். பெயர் வேண்டாம், முதலாவது, இரண்டாவது என்றே சொல்கிறேன். முதலாவது பெரிய வளாகம், ஏசி பஸ், கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்கும் போலிருக்கிறது. ஆனால் டீக்கடையில் பேசிய பிள்ளைகள், இரண்டாம் வருடத்தில் ஒரு பாடத்துக்கு ஒரே செமஸ்டரில் ஆசிரியர் இரண்டு முறை மாறினார் என்றார்கள். கால அட்டவணையைப் போட்டோ எடுக்கப் போனபோது ஒருவர் வந்து கூடாது என்று தடுத்தார். பஸ் கட்டணம் தனி, அது கட்டாயம், ஹாஸ்டலில் இருந்தால் வேறு கட்டணம். இரண்டாவது சின்னக் கல்லூரி, மதுரையிலிருந்து முக்கால் மணி நேரம். ஈ.இ.இ. ஹெச்.ஓ.டி. அம்மா அவரே மெஷின்ஸ் லேபுக்குக் கூட்டிப் போனார், அங்கே மூன்றாம் வருடப் பிள்ளைகள் டிரான்ஸ்ஃபார்மர் டெஸ்ட் செய்துகொண்டிருந்தார்கள். என் மகளும் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு நிறையக் கேள்வி கேட்டாள். வேலை கிடைப்பவர்கள் பாதிக்குக் கொஞ்சம் மேல் என்று அவர்களே சொன்னார்கள்.

இன்னொரு விஷயமும் கேட்கவேண்டும். முதலாவது கல்லூரியில், ஒரிஜினல் மார்க்‌ஷீட்டையும் டி.சி.யையும் கொடுத்துப் பத்தாயிரம் கட்டினால் சீட்டைப் பிடித்துவைப்போம் என்றார்கள். கவுன்சிலிங்கில் வராவிட்டால் திருப்பித் தருவார்களாம்.

முதல்பட்டதாரி_அண்ணன்

ஐயா, ஒரிஜினலை எந்தக் காரணத்துக்காகவும் கொடுக்காதீர்கள். கவுன்சிலிங் சீட்டை எந்தக் கல்லூரியாலும் பிடித்துவைக்க முடியாது, அது ரேங்க்படி இணையத்தில் ஒதுக்கப்படுவது. அவர்கள் பேசுவது கல்லூரியே நேரடியாகக் கொடுக்கும் மேனேஜ்மெண்ட் சீட். அசல் சான்றிதழைக் கல்லூரி தன்னிடம் வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) 2018இலேயே சொல்லிவிட்டது. அப்படியும் வாங்கி வைத்துக்கொண்டு, வேறு இடம் கிடைத்த பிறகு திருப்பித் தராமல் இழுத்தடித்த கதை எங்கள் தெருவிலேயே உண்டு. "எனக்குத் தெரிந்த கல்லூரி, நான் சொன்னால் சலுகை" என்று வரும் ஆட்களுக்கு ஒரு சேர்க்கைக்கு இவ்வளவு என்று கமிஷன் இருக்கும், அவர்கள் பேச்சை விசாரணையாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

முதல் பட்டதாரி சான்றிதழ் இ-சேவையில் வாங்கிவிட்டீர்களா? கவுன்சிலிங் வழியாக வந்தால் தனியார் கல்லூரியில் வருடத்துக்கு 25,000 ரூபாய் கல்விக் கட்டணத்தில் குறையும். மேனேஜ்மெண்ட் சீட்டில் அது கிடைக்காது. மகள் ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்திருந்தால் 7.5 சதவீத ஒதுக்கீட்டில் கல்விக் கட்டணத்தோடு ஹாஸ்டல் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது, அதையும் பாருங்கள்.

துறை_ஆசிரியர்

உங்கள் இரண்டாவது கல்லூரி ஹெச்.ஓ.டி. "பாதிக்குக் கொஞ்சம் மேல்" என்று தானாகச் சொன்னாரே, அந்த மாதிரி உண்மையான எண்ணைக் கொடுப்பவர்கள் குறைவு. அட்டவணையை மறைக்கும் இடத்தை நான் கீழேதான் வைப்பேன்.

கட்ஆஃப்_கணக்கு

நான் மாற்றிச் சொல்கிறேன். கம்ப்யூட்டர் சயின்ஸா ஈ.இ.இ.யா என்பதைக் கல்லூரியை வைத்து முடிவு செய்யக் கூடாது. நாளை வேலைச் சந்தையில் கிளைக்கு ஒரு மதிப்பு இருக்கிறது. முதலாவது கல்லூரி பிடிக்கவில்லை என்றால் கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்கக்கூடிய வேறு கல்லூரியைத் தேடுங்கள்.

ஈசிஇ_ஃபைனல்இயர்

அவள் லேபில் நின்று கேள்வி கேட்டாள் என்று அங்கிள் எழுதியிருக்கிறாரே, அதைப் படித்தீர்களா அண்ணா? கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைத்தாலும் சரி என்பது வீட்டில் சொல்வதற்காகச் சொன்னதாகக்கூட இருக்கலாம். அவளிடமே தனியாக உட்கார்ந்து கேளுங்கள் அங்கிள். அவளை இங்கே வந்து என்னிடம் பேசச் சொன்னாலும் சரி, ஈ.இ.இ. தோழிகள் நிறையப் பேர் எனக்கு உண்டு, பேசவைக்கிறேன்.

அருப்புக்கோட்டை_அப்பா

கேட்டோம். ஈ.இ.இ. என்றுதான் சொன்னாள். காரைக்குடியை முதலில் வைத்து, இரண்டாவது கல்லூரியை அதற்கடுத்து வைத்திருக்கிறோம். ஒரு சந்தேகம், நாங்கள் நேரில் பார்க்காத கல்லூரிகள் சிலவும் பட்டியலில் இருக்கின்றன. அதில் ஒன்று ஒதுக்கப்பட்டால் என்ன செய்வது?

காரைக்குடி_பழைய_மாணவன்

சாய்ஸ் எத்தனை வேண்டுமானாலும் போடலாம், வரிசைதான் முக்கியம். எது கிடைக்கும் என்று யோசித்து வரிசையை மாற்றாதீர்கள், எது வேண்டும் என்பதை வைத்துப் போடுங்கள். தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் உறுதி செய்யக் குறுகிய அவகாசம் தருவார்கள். பார்க்காத கல்லூரி வந்தால் மறுநாள் காலையே கிளம்பிப் போய்ப் பார்த்துவிடுங்கள், அன்று வகுப்பு நடந்துகொண்டிருக்கும். பிடித்திருந்தால் ஏற்றுக்கொண்டு சேரலாம். அரைமனம் என்றால் ஏற்றுக்கொண்டு மேலே உள்ள சாய்ஸுக்குக் காத்திருக்கும் வழியும் அதே பக்கத்தில் இருக்கிறது. அப்படிக் காத்திருந்து மேலே உள்ள இடம் கிடைத்துவிட்டால் பழைய இடம் போய்விடும். அதனால் கையில் இருப்பதைவிடக் குறைவாகப் பிடித்த எந்தக் கல்லூரியும் வரிசையில் அதற்கு மேலே இருக்கக் கூடாது. சாய்ஸை லாக் செய்வதற்கு முன் இன்றைக்கே பாப்பாவோடு உட்கார்ந்து அந்த வரிசையை இன்னொரு முறை பார்த்துவிடுங்கள்.